9 முதல் 12 வரை படிக்கும் மாணவர்களின் பெற்றோருக்கு: வளரிளம் பருவ உடல்நலப் பரிசோதனை

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அடுத்த வாரம் நம் பள்ளிக்கு வருகிறது. 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 2013 முதல் நடந்துவரும் திட்டம் இது. உயரம், எடை, பார்வை, பல், ரத்தசோகை எல்லாம் வழக்கம்போல் பார்ப்பார்கள். இவற்றோடு வளரிளம் பருவத்துக்கென்றே சில கேள்விகளும் உண்டு: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, அப்போது வலி இருக்கிறதா, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலா, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறதா, மனம் சோர்ந்திருக்கிறதா, போதைப்பழக்கம் ஏதும் உண்டா.

வகுப்புத் தோழர்கள் காதில் விழும்படி கேட்டால் எந்தப் பிள்ளையும் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றுதான் சொல்லும். ஆகவே தனி அறையில், ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவார்கள். பெண் பிள்ளைகளிடம் பெண் பணியாளரே பேசுவார். ஆசிரியர்கள் உள்ளே இருக்க மாட்டோம். ஆடை களையும் பரிசோதனை பள்ளியில் கிடையாது. தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார்கள், நீங்கள் உடன் செல்லலாம். எச்.ஐ.வி. பரிசோதனையும் பள்ளியில் செய்வதில்லை. அது நம்பிக்கை மையங்கள் எனப்படும் அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்களில் இலவசமாக நடப்பது. அதற்கு 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

இந்தக் கேள்விகளையெல்லாம் பிள்ளைகள் இரவில் செல்போனில் ஏஐ செயலியிடம் கேட்கிறார்கள். கல்லூரிக்குப் போனால் அதை வைத்துத்தான் படிக்கப்போகிறார்கள் என்பதால், தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உடம்பைப் பற்றிக் கேட்கும்போது கூச்சம் பாதிக் கேள்வியை விழுங்கிவிடுகிறது. தட்டச்சு செய்தது மட்டும்தான் செயலிக்குத் தெரியும். 13 வயதுப் பெண் தன் வயதைச் சொல்லாமல், "40 நாளாகியும் மாதவிடாய் வரவில்லை" என்று கேட்டால், பெரியவர்களுக்கான பதில் வந்து, நீர்க்கட்டியோ என்று பயந்துபோவாள். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பே. மூன்று மாதத்துக்கு மேல் வராமலிருந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஓரிரு மணி நேரத்துக்கொரு நாப்கின் நனைந்தாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாமலிருந்தாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். விதைப்பையில் திடீரென்று கடும் வலி, சில நேரம் வாந்தியும் வந்தால், உள்ளே விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றுவிடுவதால், சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். பையன் வெட்கப்பட்டு "அடிவயிற்று வலி" என்று செயலியிடம் கேட்பான், அது வாயுத் தொல்லைக்கு வழி சொல்லும், விடிந்துவிடும். எந்த நேரமானாலும் அவன் உங்களை எழுப்பலாம் என்று இன்றே சொல்லிவையுங்கள். அப்படி வலித்தால் நேரே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

செயலி சொல்லும் மாத்திரையை வாங்கிப் போட விடாதீர்கள். மருந்தின் அளவைக்கூட அது தவறாக, தயக்கமில்லாமல் சொல்லிவிடலாம். வீட்டுக்கே ஒரு போன் என்றால் கேட்டதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும், மற்றவர் கண்ணிலும் படும். சாட்ஜிபிடி என்ற ஏஐ செயலியை 13 வயதுக்குக் குறைந்தவர்கள் பயன்படுத்தக் கூடாது, 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி.

பாலியல் தொல்லை பற்றிப் பிள்ளை வாய் திறந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது பள்ளியின் கடமை. யார் கேட்டுக்கொண்டாலும் அதை மறைக்க மாட்டோம். உதவிக்கு 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித்துறை உதவி எண்) ஆகியவற்றை அழைக்கலாம்.

இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடும் பிள்ளையானால், மருந்துச் சீட்டின் நகலையும் இணையுங்கள். எந்தக் கேள்வியாவது வேண்டாமென்று நினைத்தால் அதைப் படிவத்திலேயே எழுதலாம். மற்றப் பரிசோதனைகள் வழக்கம்போல் நடக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்