அப்டேட் வரும் வரும்னு சொல்லியே ரிட்டர்ன் தேதியைத் தாண்ட வைக்கிறாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன்ல விலை கம்மியா விக்கிற இ-ரீடர், அதாவது புக் படிக்கறதுக்குன்னே இருக்கற மெஷின், எதை எடுத்துப் பார்த்தாலும் 'இந்திய மொழிகள் சப்போர்ட்'னு பெரிய எழுத்துல ஒரு வரி இருக்கும், ரொம்பக் கீழ போனா பொடி எழுத்துல இன்னொரு வரி இருக்கும், 'சில வசதிகள் அடுத்தடுத்த அப்டேட்டில் கிடைக்கும்'னு. என் கடுப்பு எல்லாம் இந்த ரெண்டாவது வரி மேலதான்.

அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் முடிஞ்சதுக்கப்புறம் வார இதழ் எழுத்தெல்லாம் பொடியா இருக்கு படிக்க முடியலைன்னாங்க, போன்ல படிக்கச் சொன்னா கண்ணு கூசுதுங்கறாங்க, சரி இ-இங்க் ஸ்கிரீன்னா பேப்பர் கணக்கா இருக்கும், எழுத்தையும் வேணுங்கற அளவுக்குப் பெருசு பண்ணிக்கலாம், சார்ஜும் வாரக்கணக்குல நிக்கும்னு ஒண்ணு வாங்கிக் கொடுத்தோம். கம்பெனி பேரை எழுதலை, எழுதினாலும் நீங்க வெட்டிடுவீங்க. தமிழ் சப்போர்ட், தமிழ் அகராதி, கண்ணு கூசாத மஞ்சள் வெளிச்சம் தர்ற வார்ம் லைட், புக்கை வாசிச்சுக் காட்டுற வசதி, இவ்வளவும் போட்டுதான் வித்தாங்க. கைக்கு வந்ததுல ஒழுங்கா வேலை செய்யறது வார்ம் லைட் மட்டும்தான். அகராதியும் வாசிப்பும் மெனுல சாம்பல் கலர்ல கிடக்கு, தொட்டா 'கமிங் சூன்'னு ஒரு பெட்டி வந்துட்டுப் போகுது.

சரி அதெல்லாம் கூட போகட்டும், படிக்கவாவது முடியணுமில்ல? ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்துல இருந்து ஒரு இபப், அதாவது எழுத்தை வேணுங்கற சைஸுக்கு மாத்திக்கற மின்னூல் ஃபைல், இறக்கிப் போட்டேன். 'கொடுத்தான்'ங்கற சொல்லுல ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்குது, துணைக்கால் தனியா ஒரு ஓரமா நிக்குது, நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம், மெய்யெழுத்து மேல இருக்க வேண்டிய புள்ளி அடுத்த எழுத்து தலையில ஏறிடுச்சு. அம்மா ரெண்டு வரி பாத்துட்டு கண்ணு இன்னும் சரியாகலை போலிருக்கு, டாக்டர்கிட்ட கேக்கணும்னாங்க. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு.

இதுல பெரிய ராக்கெட் சயின்ஸ் எல்லாம் ஒண்ணுமில்லைங்க. எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல பொதுவா எண் கொடுக்கற யூனிகோடுல தமிழுக்கு 1991லயே இடம் கொடுத்தாச்சு. உயிர்மெய்யை உடைக்காம சரியா அடுக்கிக் காட்டற வேலையை ஹார்ஃப்பஸ்னு ஒரு மென்பொருள் பண்ணுது, அதை யார் வேணும்னாலும் காசில்லாம எடுத்துப் போட்டுக்கலாம், ஆண்ட்ராய்டு போன்லயும் ஃபயர்ஃபாக்ஸ்லயும் தமிழ் உடையாம தெரியறதுக்குக் காரணமே அதுதான். அமேசானோட கிண்டில் ரீடர்ல 2016 டிசம்பர்லயே தமிழ் புக் விக்க ஆரம்பிச்சுட்டாங்க. மதுரைத் திட்டக்காரங்க 1998 பொங்கல்ல இருந்து சம்பளம் வாங்காம தன்னார்வலரா பழைய தமிழ் நூல்களை இணையத்துல ஏத்திக்கிட்டே இருக்காங்க. இப்படி உடையற ரீடர் நிறைய இருக்கறதாலதானே ஃப்ரீ தமிழ் இபுக்ஸ்ல இபப் பக்கத்துலயே ரீடர் ஸ்கிரீன் அளவுக்கு 6 இன்ச் பிடிஎஃப்னு தனியா ஒண்ணு செஞ்சு வைக்க வேண்டியிருக்கு! அந்த பிடிஎஃப்ல தமிழ் உடையாது, ஆனா எழுத்தோட சைஸை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது, நாங்க வாங்கினதே அதுக்காகத்தான். சும்மா உழைக்கிறவங்க இவ்வளவு பண்றப்போ காசு வாங்கறவங்களுக்கு என்ன கேடு?

கஸ்டமர் கேர்ல சாட் பண்ணினா மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. 'எங்க டீம் இதுல வொர்க் பண்ணிட்டு இருக்காங்க மேடம், அடுத்த அப்டேட்ல வந்துடும், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க'. வெயிட் பண்ணினோம். அப்டேட்டும் வந்துச்சு, என்னடா மாறியிருக்குன்னு பார்த்தா ஆஃப் பண்ணி வச்சா வர்ற படம் மாறியிருக்கு, அதோட அவங்க ஸ்டோர் விளம்பரம் ஒண்ணு முதல் பக்கத்துல வந்து உக்காந்திருக்கு. அதுக்குள்ள ரிட்டர்ன் தேதி முடிஞ்சு போச்சு. இப்போ கேட்டா 'ரிட்டர்ன் விண்டோ க்ளோஸ் ஆயிடுச்சு மேடம், ஹார்ட்வேர் ரிப்பேர்னாதான் வாரண்டி'ங்கறாங்க. வெயிட் பண்ணச் சொன்னதும் அவங்கதான், லேட்டுன்னு கதவைச் சாத்தினதும் அவங்கதான். மிக்ஸி வித்துட்டு சட்னி ஜார் அடுத்த வருஷம் அனுப்பறோம்னு சொன்னா எந்தக் கடையிலயாவது சும்மா விடுவோமா?

இந்த இடத்துலதான் நிறைய பேர் சரி போச்சுன்னு டப்பாவை பரண்ல போட்டுடறாங்க, போடாதீங்க. 2020ல வந்த மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்ல தெளிவா இருக்கு, விளம்பரத்துல சொன்ன அம்சம் பொருள்ல இல்லைன்னா விக்கிறவர் அதைத் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னோ பணத்தைத் தர மாட்டேன்னோ சொல்லக் கூடாது. இவங்களா வச்சுக்கிட்ட பத்து நாள் கணக்கைக் காட்டி அதுல இருந்து நழுவ முடியாது. விக்கிற தளத்துல குறைதீர் அதிகாரின்னு ஒருத்தர் இருக்கணும், புகார் கிடைச்சுதுன்னு 48 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். அதுக்கும் மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க, தமிழ்லயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் 5 லட்சம் வரைக்குமான பொருளுக்கு கட்டணம் கிடையாது, வக்கீல் வச்சுத்தான் ஆகணும்னும் இல்லை. நான் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்டிருக்கேன், சேல் அன்னைக்கு இருந்த பேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தது நல்லதாப் போச்சு, ஏன்னா அந்தப் பேஜ்ல இப்போ அகராதிங்கற வரியையே காணோம்.

விலை கம்மின்னா வசதியும் கம்மியாத்தான் இருக்கும், அது தெரியாத ஆளில்லை நாங்க. பக்கம் மெதுவா திரும்பட்டும், பிளாஸ்டிக் சுமாரா இருக்கட்டும், கேஸ் தராட்டியும் பரவாயில்லை, எல்லாத்தையும் ஒத்துக்கலாம். இல்லாததை இருக்குன்னு எழுதி விக்கிறது வேற விஷயம். இனிமே வரப்போற வசதியை விளம்பரத்துல போடவே கூடாது, போட்டா அது கைக்கு வர்ற வரைக்கும் ரிட்டர்ன் கதவைத் திறந்து வைக்கணும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம், திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரைக்கும் அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு, அவங்க இந்த 'கமிங் சூன்' ஆட்களையும் கொஞ்சம் கவனிச்சா தேவலை.

உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள். கேட்ஜெட் பக்கத்துல புது மாடல் பத்தி எழுதறப்போ கம்பெனி அனுப்பற பட்டியலை அப்படியே தமிழ்ப்படுத்திப் போடறீங்க, 8 ஜிபி, 300 பிபிஐ, பல மொழிகள்னு. அதுக்குப் பதிலா ஒரு தமிழ் இபப்பை அந்த மெஷின்ல திறந்து, எழுத்தைப் பெருசு பண்ணி, அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. வாங்கறதா வேண்டாமான்னு நாங்க முடிவு பண்ணிக்கறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி