தம்பிக்கு அப்பா எழுதுறது

தம்பி,

வொயிஸ் போட்டால் நீ கேக்கிறேல்லையாம், அம்மா சொன்னா, அதான் எழுதுறன். வளவுக் கதை இதில எடுக்கமாட்டன், பயப்பிடாத.

நேற்று வாசிகசாலையில வயசுபோன ஆக்களுக்கு ரத்தத்தில சீனி பாத்தவை. வெறும் வயித்தில வரச்சொன்னதால விடியவே சனம் வந்து குந்திக்கொண்டு தேத்தண்ணி இல்லாமல் ஒரே புறுபுறுப்பு. எனக்கு 112. நூறுக்குக் கீழ எண்டால் சரியாம், 126ம் அதுக்கு மேலயும் எண்டால் சீனி வருத்தமாம், நான் நடுவில நிக்கிறன், ஆசுப்பத்திரியில திரும்பப் பாக்கவேணும், நடந்தால் இன்னும் தடுக்கலாம் எண்டினம். முத்தையன்கட்டு வாய்க்கால் கரையால நெடுக வயலுக்குப் போய்வாறன் தானே எண்டன், "மோட்டச்சைக்கிளில தானே போறியள் ஐயா" எண்டு சீனி பாத்த பிள்ளை சிரிக்குது.

கெண்டைக்காலைச் சுத்தி நாடா பிடிச்சும் பாத்தவை, 31 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்சால் சதை வத்துதாம். பின்வளவு ஆச்சிக்குக் குறைவு. மனுசி சீனிக்குப் பயந்து சோறு, மீன் எல்லாத்தையும் விட்டுப்போட்டு பிளேன்ரீயும் ரஸ்க்கும். நல்ல பேச்சு வாங்கினவ. முட்டை, மீன், பயறு கட்டாயம் வேணுமாம். அரைக்கோப்பை மரக்கறி, இலைக்கறி, கால்கோப்பை சோறு, மிச்சத்துக்கு மீனோ பருப்போ எண்டு கோப்பையை வச்சே காட்டினவை. அம்மா எல்லாத்துக்கும் தலையாட்டிப்போட்டு வந்து மத்தியானம் அதே சோத்துமலைதான்.

பிறகு, மூண்டு மாசத்துக்குள்ள நிறை குறைஞ்சதோ எண்டு கேட்டவை. எனக்கு இல்லை. ஆனா பேரன்ர பிறந்தநாள் படம் உடன ஞாபகம் வந்திட்டுது, சேட்டு உன்ர தோளில தொங்குது. மெலிஞ்சு வடிவாய் இருக்கிறான் எண்டு அம்மாவுக்குச் சந்தோசம், நான் ஒண்டும் கதைக்கேல்லை. கையில தண்ணிப்போத்தல். தைப்பொங்கலுக்கு வீடியோவில கதைக்கேக்கையும் இடையில ரெண்டுதரம் எழும்பிப் போனனீ. எல்லாம் சீனியாலயோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு.

அப்பாச்சியின்ர கால் உனக்குத் தெரியும். பெரியப்பாவையும் தெரியும். எங்கட ஆக்களுக்கு வயிறு வண்டி வைக்கவேணும் எண்டில்லை, மெலிஞ்ச உடம்பிலயும் சீனி வரும்.

நீ லொறி ஓடி அனுப்பின காசிலதான் கிணறு கட்டினது, வாறவன் போறவன் எல்லாருக்கும் காட்டுறனான். அதுக்காக இரவு முழுக்க ஸ்ரியறிங்கில இருந்துகொண்டு டோனட்டும் கோக்குமே? நேரத்துக்குச் சாப்பிடு. நட. லைசென்சுக்கு ஏதும் வந்திடும் எண்டு பயந்து பாக்காமல் இருக்கிறியோ? கேக்கிறன், கோவிக்காத. லைசென்ஸ் போனால் போகட்டும், கால் போனால் என்ன செய்யிறது. கனடாவில டொக்டரைப் பாக்கக் காசில்லை எண்டு நீதான் சொன்னனீ. வெறும் வயித்தில போ. நேரத்துக்குச் சாப்பிடு.

பாத்தால் நம்பரை எனக்கு அனுப்பு, அம்மாவுக்கு அனுப்பாத. அங்க வேற கணக்காம், அங்கத்தைய 7 தான் இஞ்சத்தைய 126 எண்டு அந்தப் பிள்ளையிட்டக் கேட்டு வச்சிருக்கிறன், அதால சின்ன நம்பர் தானே எண்டு என்னைப் பேய்க்காட்டலாம் எண்டு நினையாத.

அப்பா