மேசை நிறைய வேண்டாம், கயல்

அன்பு மகள் கயலுக்கு,

உன் கண்காட்சிப் படைப்புக்காக நீ அனுப்பிய வரைபடங்களை அப்பாவும் நானும் பார்த்தோம். நீளமான மேசை, தலைவாழை இலைகள், தேன், பலாச்சுளை, மாம்பழம், நடுவில் பெரிய கிண்ணத்தில் பால். வருகிறவர்கள் கையால் எடுத்துச் சாப்பிட, சுவரில் ஒரு காதல் ஜோடியின் முகங்கள் காணொளியாக ஓடும் என்று எழுதியிருந்தாய். மெல்பர்னில் இருந்துகொண்டு சங்கக் காதல் பாட்டை எடுத்து வேலை செய்கிறாய், அதை இங்கே சிங்கப்பூரில் வைக்கப் போகிறாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால்தான் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த மேசையில் சாப்பாடு இருக்கிறது. காதலை நான் தேட வேண்டியிருந்தது.

மேசையில் இருக்கும் ஒவ்வொன்றையும் பாட்டுக்குள் போய்ப் பார். கபிலர் பாடிய பலா (குறுந்தொகை 18) யாரும் உரித்துத் தின்னாத பலா. சின்னக் கொம்பில் பெரிய பழம் தொங்குகிறது, எப்போது ஒடியுமோ என்று தோழிக்குப் பயம். ‘இவள் உயிர் தவச்சிறிது, காமமோ பெரிதே’ என்று தலைவனிடம் சொல்லிவிடுகிறாள். மாம்பழத்தை எடுத்துக்கொள். ஆலங்குடி வங்கனார் பாட்டில் அது குளத்தில் விழுகிறது, வாளைமீன் கவ்விக்கொண்டு போகிறது. தேன் கலந்த பால் நற்றிணை 110இல் பொற்கிண்ணத்தில் வருகிறது, ஆனால் அந்தச் சின்னப்பெண் குடிக்காமல் பந்தலைச் சுற்றி ஓடுகிறாள். ஐங்குறுநூறு 203இல் அதே தேனும் பாலும் தோற்றுப்போகின்றன. காதலன் ஊரில், சருகு விழுந்த கிணற்றில், மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் நீர் நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனிது என்று அவனோடு போய்வந்த பெண் தோழியிடம் சொல்கிறாள். இந்தப் பாட்டுகளில் காதலர்கள் உட்கார்ந்து விருந்து சாப்பிடவே இல்லை, கவனித்தாயா? உணவு தொங்குகிறது, விழுகிறது, வேண்டாம் என்று தள்ளப்படுகிறது. ஆசை அங்கேதான் தெரிகிறது.

சாப்பிட்டது என்று எனக்கு உடனே நினைவுக்கு வருவது நீ கேட்ட தயிர்ப் பாட்டுதான். கூடலூர் கிழார் பாடியது, குறுந்தொகை 167. ஆறே அடி, முழுதும் எழுதிவிடுகிறேன்:

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

குழம்பைப் பற்றி இனிய புளிப்பு என்பதோடு சரி. மற்றதெல்லாம் கட்டித்தயிர் பிசைந்த விரல், துவைக்காமல் உடுத்திய சேலை, தாளிப்புப் புகை ஏறிய கண். அவன் ‘இனிது’ என்று சாப்பிடுகிறான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்கிறது. எனக்கு இதைவிட உடம்பு உள்ள பாட்டு அதிகம் தெரியாது. தயிர் பட்ட அந்தத் துணியின் மணமே வருகிறது. மகள் வீட்டுக்குப் போய்வந்த செவிலி, அதாவது வளர்த்த தாய், பெற்றவளிடம் சொல்கிற பாட்டு இது என்பதால் என்னை இன்னும் பிடித்து உலுக்கும். நீ என்ன சமைக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று பார்த்துவந்து சொல்ல எனக்குச் செவிலி கிடையாது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களில் தட்டு மட்டும்தான் இருக்கும், உன் கை இருக்காது.

ஆகவே காணொளியில் முகம் வேண்டாம், கயல். கை மட்டும் போதும். இதற்குத் தொல்காப்பியமே உனக்குத் துணை. காதலைப் பாடும் அகத்திணையில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்று விதி. தலைவன் பெயரும் தலைவி பெயரும் வராததால்தான் படிக்கிற யாரும் அந்த இடத்தில் தன்னை வைத்துக்கொள்ள முடிகிறது. நீ ஒரு நடிகையின் முகத்தைக் காட்டினால் அது அவளுடைய கதையாகிவிடும்.

அப்புறம் சங்கப் பெண்புலவர் வெள்ளிவீதியார். உன் பட்டியலில் அவர் பெயர் இல்லாதது எனக்கு வருத்தம். ‘கன்றும் உண்ணாது கலத்தினும் படாது நல்லான் தீம்பால் நிலத்து உக்காஅங்கு’ என்று தொடங்கும் குறுந்தொகை 27ஆம் பாட்டில், கன்றுக்கும் போகாமல் பாத்திரத்திலும் விழாமல் மண்ணில் சிந்தும் பால்தான் தலைவியின் அழகு. எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை, பசலைதான், பிரிவில் மேனியில் படரும் அந்த நிறமாற்றம்தான், தின்னப்போகிறது என்கிறாள். உன் கிண்ணத்துப் பால் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. தரையில் சிந்திய பால் செய்யும்.

அவருடைய 58ஆம் பாட்டைப் படித்தால் மேசையையே நீ விட்டுவிடுவாய் என்று நினைக்கிறேன். வெயிலில் காயும் பாறை, அதன்மேல் வெண்ணெய், காவலுக்குக் கையில்லாத ஊமை. அவனால் எடுக்கவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. கண்ணால் காக்கிறான், வெண்ணெய் உருகிப் பரவுகிறது. என் காமநோயும் அப்படிப் பரவுகிறது என்று தலைவன் சொல்கிறான். இன்றைக்கு ஒரு கலைஞர் கூடத்தில் வைக்கக்கூடிய படைப்பு அப்படியே அந்த மூன்று அடியில் இருக்கிறது. உனக்கு எழுதும் முன்பு நம் வீட்டு நடைபாதையில் வெயில் விழும் இடத்தில் தட்டில் வெண்ணெய் வைத்து, தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஓரம் பளபளக்கும், அப்புறம் மூலை மழுங்கும், திடீரென்று அடியில் நழுவும். என் கை தானாக முன்னே போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த ஊமையின் வேதனை அப்போது எனக்கு உடம்பில் தெரிந்தது.

நம் சிங்கப்பூர்க் கலைஞர் அமண்டா ஹெங் 1996இல் மேசையில் தவுகேயை (முளைவிட்ட பயறு) குவித்து, வந்தவர்களை உட்காரவைத்து, வால் கிள்ளிக்கொண்டே பேசவைத்தார். வந்தவர்கள் கைக்கு அவர் வேலை கொடுத்தார். நீ அவர்கள் கையைச் சும்மா இருக்கவைத்துப் பார். இன்னொரு கலைஞரையும் நினைத்துக்கொள்: ஃபீலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ். இறந்துபோன தன் காதலர் ராஸுக்காக 1991இல் மிட்டாயைக் குவித்துவைத்தார், எடை 79 கிலோ. பார்க்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று எடுக்க எடுக்கக் குவியல் குறையும். காதலித்த உடம்பு மெலிவதை வாயில் இனிப்போடு உணரவைத்த அந்த மனிதருக்கும் பசலை தின்னும் அழகைப் பாடிய வெள்ளிவீதியாருக்கும் நடுவில் இரண்டாயிரம் வருடம் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

பெரியம்மாவும் அத்தையும் வருவார்கள், 27ஆம் பாட்டின் கடைசி அடியைச் சுவரில் எழுதலாமா என்று தயங்கியிருந்தாய். எழுது. உ.வே.சாமிநாதையர் 1937இல் குறுந்தொகையை உரையோடு பதிப்பித்தார். அந்த அடியில் பெண்ணுடம்பின் மறைவிடத்தைச் சொல்லும் ‘திதலை அல்குல்’ என்ற இடத்தை அவர் தாண்டிப் போகவில்லை. அவர் கூச்சப்படாததற்கு நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? பெரியம்மா பக்கத்தில் நான் நிற்கிறேன், கேட்டால் பொருள் சொல்கிறேன். பாட்டு தமிழில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மொழிபெயர்ப்பு அதற்குக் கீழே. புலவர் பெயர் கட்டாயம் வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. வெண்ணெய்க் கொழுப்பு உருக ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி வேண்டும். இங்கே கூடங்களில் குளிரூட்டி போட்டு எல்லாரையும் சால்வை தேடவைக்கிறார்கள், வெண்ணெய் கல்லாகவே கிடக்கும். கல்லுக்கு அடியில் சூடு வைக்க விடுவார்களா, இல்லை மேலே விளக்குதானா என்று கேள். வழிகிற நெய்யைப் பிடிக்கத் தட்டு வைத்துவிடாதே, தரையில் ஓடட்டும். அதற்கு அனுமதி வாங்குவதுதான் கஷ்டமாக இருக்கும், இப்போதே பேச ஆரம்பி. கல் வேண்டுமென்றால் சொல், தேக்கா பக்கம் அம்மி கிடைக்கிறதா என்று நானும் அப்பாவும் சனிக்கிழமை போய்ப் பார்க்கிறோம். எத்தனை அங்குல அகலம் வேண்டும் என்று மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா