தவறான கேம்ஷாஃப்ட் அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மூன்று போல்ட் கேம்ஷாஃப்டுக்குப் பதிலாக ஒற்றை போல்ட் ஷாஃப்ட் அனுப்பியது

மதிப்பிற்குரிய ஐயா,

என் பிக்கப் டிரக்கின் 5.3 லிட்டர் வி8 எஞ்சினுக்காக உங்களிடம் ஸ்டேஜ் 2 கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு) கிட் வாங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன. பதினொரு முறை தொலைபேசியில் பேசியும், நான்கு மின்னஞ்சல்கள் அனுப்பியும், உங்கள் கிளை வரை அலைந்தும் பலன் கிடைக்காததால் இதை எழுத்துமூலம் தெரிவிக்கிறேன்.

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டிலும் உள்ளே இருந்த கேம் கார்டு என்ற விவரச் சீட்டிலும் மூன்று போல்ட் என்றே, அதாவது டைமிங் கியரை முன்முகத்தில் மூன்று போல்ட்களால் பூட்டும் வகை என்றே, அச்சாகியிருந்தது. அதை நம்பி ரேடியேட்டர், வாட்டர் பம்ப், முன் கவர் எல்லாவற்றையும் கழற்றி, பழைய ஷாஃப்டை உருவிய பின் உங்கள் ஷாஃப்டைப் பிரித்தால், முன்முகத்தில் நடுவே ஒரே ஒரு துளைதான் இருந்தது. என் டைமிங் கியரை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். கியரின் மூன்று துளைகளுக்குப் பின்னாலும் வெறும் இரும்புதான் தெரிந்தது.

உங்கள் அலுவலர் ஒருவர், "ஒற்றை போல்ட் கியர் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். என் எஞ்சினில் கேம் சென்சார் பிளாக்கின் பின்பக்கம் இருக்கிறது, அது ஷாஃப்டின் பின்முனை வளையத்தைப் படித்து ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிகிறது, நீங்கள் அனுப்பியதில் அந்த வளையமே இல்லை என்று விளக்கினேன். பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுதான் சுற்றும் என்பதால், அந்த சிக்னல் இல்லாமல் பிஸ்டன் மேலேறுவது கம்ப்ரஷனுக்கா, எக்ஸாஸ்டுக்கா என்று எஞ்சின் கணினிக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல, நீங்கள் செய்து விற்கும் பொருள்தானே. அதற்கு அவர் சொன்ன பதில், "வீட்டில் வைத்துப் பிரிக்கிறவர்களுக்கெல்லாம் நாங்கள் பாடம் நடத்த முடியாது." பாடம் நடத்தியது நான். சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் இணைப்பைத் துண்டித்தார். பணம் வாங்கும்போது வீடா பட்டறையா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கு முன்பே, ஷாஃப்டை நேரில் கொண்டுவந்தால் மாற்றித் தருவோம் என்று இன்னொருவர் சொன்னதை நம்பி, அதைத் துணியில் சுற்றி, நண்பரின் வண்டியை இரவல் வாங்கி உங்கள் கிளைக்குச் சென்றேன். இங்கே எதையும் திரும்பப் பெறுவதில்லை என்று கவுன்டரிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒரு முழு நாள் போயிற்று.

இப்போது என் எஞ்சினின் 16 லிஃப்டர்களும் (கேம்ஷாஃப்டின் மேல் அமர்ந்து வால்வுகளைத் தள்ளும் உருளைகள்), நான் உள்ளே செருகியிருக்கும் இரண்டு கம்பிகளின் மேல்தான் நிற்கின்றன. ஒரு லிஃப்டர் நழுவிக் கீழே விழுந்தாலும் ஆயில் பானையும் கழற்ற வேண்டும். தினமும் காலையில் டார்ச் அடித்து அந்தக் கம்பிகளைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன். என் பிழைப்பே நின்றுபோய்விட்டது. ஒரு நல்ல எஞ்சினை நீங்கள் பாழாக்கிவிட்டீர்கள் என்றே சொல்வேன்.

பத்து நாட்களுக்குள் சரியான ஷாஃப்டை உங்கள் செலவில் அனுப்பி, இந்தத் தவறானதையும் உங்கள் செலவிலேயே எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் ரசீது, கேம் கார்டு, புகைப்படங்கள் அனைத்துடனும் நுகர்வோர் நீதிமன்றத்தை நாடுவேன். அந்த அலுவலரின் பேச்சும் அங்கே பதிவாகும். அந்த நிலைக்குத் தள்ளமாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

அனுப்பும் முன் புதிய ஷாஃப்டின் முன்முகத்தையும் பின்முனை வளையத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகே என் சம்மதத்தைத் தெரிவிப்பேன்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்