வாடகை நாளில் என்னோடு நின்றவர்களுக்கு

அன்புள்ள அக்கா, அண்ணை, ஐயா, இன்னும் என் பெயரைக்கூடக் கேட்காமல் உதவிய மற்ற எல்லோருக்கும்,

பெயர் போட்டு எழுதலாமா என்று உங்களில் சிலரிடம் கேட்டேன். "ஐயோ, வேண்டாம்" என்றுதான் எல்லோரும் சொன்னீர்கள். சரி, பெயர் இல்லை. செய்த உதவியை வைத்தே யார் யார் என்று உங்களுக்கு விளங்கிவிடும்.

2025 கோடையில் நான் வேலை செய்த இடத்தை மூடினார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எங்கேயும் நடப்பதுதான். எனக்கு வயது 33. கலியாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. இங்கிலாந்தில் தனியார் வீட்டுக்காரர் ஒருவரிடம், ஒரே அறையில் எல்லாம் அடங்கும் ஒரு சின்ன ஸ்டூடியோவில் வாடகைக்கு இருக்கிறேன். இந்த நாலு விஷயமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால், வேலை இல்லாதவருக்கும் வருமானம் குறைந்தவருக்கும் அரசு தரும் உதவிப்பணமான யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கு என்ன கிடைக்கும் என்பது தெரிந்தவர்களாக என்னைச் சுற்றி நீங்கள் இருந்தீர்கள். என் அதிர்ஷ்டம் அதுதான்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இவர்கள் செய்த உதவியின் பெறுமதி விளங்காது. 25 வயதைத் தாண்டிய தனியாளுக்கு யூனிவர்சல் கிரெடிட்டின் அடிப்படைத் தொகை 2025 ஏப்ரலில் இருந்து ஓராண்டுக்கு மாதம் 400.14 பவுண்ட். வாடகைக்கு வேறாக ஒரு தொகை உண்டு. ஆனால் நீங்கள் கொடுக்கும் வாடகையை அப்படியே தரமாட்டார்கள். அந்தப் பகுதியில் இருக்கும் வாடகைகளில் மலிவான 30 சதவீதத்துக்குள் எது அடங்குமோ அதுதான் உச்சவரம்பு. 2011 வரை நடு வாடகையை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள், பிறகு இப்படி இறக்கினார்கள். அதோடு முடியவில்லை. 35 வயதுக்குக் குறைந்த தனியாள் என்றால், நீங்கள் தனி வீட்டில் இருந்தாலும், பலர் சேர்ந்திருக்கும் வீட்டில் ஓர் அறைக்கு என்ன வாடகையோ அதை வைத்துத்தான் கணக்கு. முன்பு இந்த வயது எல்லை 25 ஆக இருந்தது. 2012 ஜனவரியில் 35 ஆக்கினார்கள். 2024 ஏப்ரலில் இந்தத் தொகைகளைக் கூட்டினார்கள், 2025இல் அப்படியே விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை அப்படியே விட்டார்களா என்று கேட்காதீர்கள்.

என் வாடகை 780. வாடகைக்கு எனக்கு வந்தது 455. துண்டு விழுவது 325. அதை அடிப்படைத் தொகையில் இருந்து எடுத்துக் கொடுத்தால் மாதம் முழுவதற்கும் கையில் மிஞ்சுவது 75 பவுண்ட் 14 பென்ஸ். சாப்பாடு, மின்சாரம், போன், பஸ் எல்லாம் அதற்குள். இப்படியிருக்க நான் இன்னும் அதே கதவைத் திறந்து அதே வீட்டுக்குள் போகிறேன் என்றால் அதற்குக் காரணம் நீங்கள்தான்.

முதலில் அக்கா. வேலை போன செய்தியை உங்களிடம் சொன்ன மாலையே, "அழுவதென்றால் அழு, ஆனால் விண்ணப்பத்தை இன்றைக்கே போடு" என்றீர்கள். விண்ணப்பித்த நாளில் இருந்துதான் கணக்குத் தொடங்கும், பின்தேதி போட்டு வாங்குவது லேசான காரியமில்லை, முதல் பணம் கைக்கு வர ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும் என்று உங்கள் சமையலறையில் நின்றபடியே சொன்னீர்கள். அந்த ஐந்து வாரத்தைத் தாண்ட முற்பணம் கேட்கலாம். ஒரு மாதத் தொகை வரை தருவார்கள், வட்டி இல்லை, ஆனால் அது கடன். வருகிற மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள், 24 மாதம் வரை அது இழுபடலாம். "அவர்கள் எவ்வளவு தருவார்கள் என்று பார்க்காதே, வாடகைக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து அதை மட்டும் எடு" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையால் இன்றைக்கு என் மாதக் கழிவு சின்னத் தொகையாக இருக்கிறது. அதற்கும் மேலே உங்கள் சொந்தப் பணத்தையும் தந்தீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது, இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் சம்பளம் இல்லாமல் வேலை செய்யும் அந்த அம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவின் மகள் இதை அவருக்கு வாசித்துச் சொல்வதாக ஏற்றிருக்கிறாள். ஓய்வு பெற்றவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசை முழுவதும் தேடுகிறவர். என் வாடகை ஒப்பந்தத்தை அவர் வாசித்த மாதிரி நானும் வாசித்ததில்லை, எழுதியவரும் வாசித்திருக்கமாட்டார். துண்டு விழும் வாடகைக்கு உள்ளூராட்சி சபையான கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்கலாம் என்று முதலில் சொன்னது அவர்தான். டிஸ்கிரீஷனரி ஹவுசிங் பேமென்ட் என்று அப்போது அதற்குப் பெயர். யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைத் தொகை வாங்குகிறவர் கேட்கலாம். தருவதும் தராததும், எவ்வளவு காலத்துக்கு என்பதும் கவுன்சிலின் விருப்பம். 2026 ஏப்ரலோடு இங்கிலாந்தில் இது நெருக்கடி கால உதவிக்கான புதிய நிதி ஒன்றுக்குள் சேர்ந்துவிட்டது. பெயர் எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டிய கதவு கவுன்சிலின் கதவுதான்.

அந்தப் படிவத்தில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். செலவுப் பக்கத்தில் வரி வரியாகக் கேட்டார். தலைமுடி வெட்ட என்ன கொடுக்கிறாய்? உடுப்புத் துவைக்க? சப்பாத்து கடைசியாக எப்போது வாங்கினாய்? மேசைக்குக் கீழே குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தார். வலது காலின் அடித்தோல் வாய் திறந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் "காலணி" என்ற இடத்தில் ஒரு தொகையை எழுதினார். ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் பணத்தைச் சொல்ல நான் தயங்கினேன். "அது உன் செலவுதானே, மறைத்தால் வங்கிக் கணக்கில் தெரியும், எழுதினால் காரணம் சொல்லலாம்" என்று சொல்லி, குறைத்து அனுப்பத் தொடங்கியதையும் சேர்த்து இரண்டு வரி எழுதவைத்தார். செலவைக் குறைத்துக் காட்டினால் நல்ல பிள்ளை என்று நினைத்து உதவி தருவார்கள் என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறோம். உண்மையில் செலவு சரியாக இருந்தால்தான் எவ்வளவு குறைகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆறு மாதத்துக்குக் கிடைத்தது. துண்டு விழுந்த தொகை முழுவதும் இல்லை, ஆனால் பெரும்பகுதி.

வீட்டுக்காரர் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இந்த நாட்டில் "நோ டிஎஸ்எஸ்" என்று வாடகை விளம்பரத்தில் போட்டு உதவிப்பணம் வாங்குகிறவர்களைத் துரத்துகிற வழக்கம் நீண்ட காலம் இருந்தது. டிஎஸ்எஸ் என்ற அந்தச் சமூகப் பாதுகாப்புத் திணைக்களம் 2001இலேயே இல்லாமல் போய்விட்டது, விளம்பரத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. இப்படி ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது சட்டத்துக்கு மாறான பாகுபாடு என்று 2020இல் யோர்க் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் அப்படி முகம் சுளிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆகவே உங்களுக்குப் போன் எடுக்கும்போது நாக்கு வறண்டது. நீங்கள் கேட்டதோ ஒரே ஒரு கேள்வி: "பணம் உனக்கு எந்தத் தேதியில் வரும்?"

17ஆம் தேதி. வாடகையோ முதலாம் தேதி. இடையில் இரண்டு வாரமளவுக்கு அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும், வெறும் வயிற்றோடு. வாடகை நாளை 18ஆம் தேதிக்கு மாற்றி, ஒப்பந்தத்தின் ஓரத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டுத் தந்தீர்கள். உங்களுக்கு அது ஒரு பேனாக் கீறல். எனக்கு அந்த மாதத்தில் இருந்து வாடகை ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. வாடகைப் பணத்தை நேரடியாக வீட்டுக்காரருக்கே அனுப்பச் சொல்லும் வழியும் இருக்கிறது, வாடகை நிலுவை சேர்ந்தால் வீட்டுக்காரரே அதைக் கேட்கலாம். "உன் கையால் தா, அதுதான் உனக்கும் நல்லது" என்று நீங்கள் அதைக் கேட்கவில்லை. யூனிவர்சல் கிரெடிட்டுக்குக் கொடுக்க வாடகைச் சான்று கேட்டபோது அன்று பின்னேரமே அனுப்பினீர்கள். வேறு இடங்களில் அந்தக் கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

கவுன்சில் வரிப் பிரிவில் போனில் கதைத்த பெண்ணுக்கும் நன்றி. வீட்டுக்காகக் கவுன்சிலுக்குக் கட்டும் அந்த வரியில் வருமானம் குறைந்தவருக்கான குறைப்பு யூனிவர்சல் கிரெடிட்டோடு சேர்ந்து வராது, கவுன்சிலிடம் தனியாகக் கேட்கவேண்டும். தனியாக இருப்பவருக்கு 25 சதவீதக் கழிவு அதற்கு முன்னமே உண்டு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். நான் ஒன்றைக் கேட்கத்தான் எடுத்தேன். இரண்டையும் அவரே பதிந்துவிட்டுத்தான் போனை வைத்தார்.

நூலகத்தில் அச்செடுக்க உதவிய தம்பி, கடதாசி சிக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் சிரித்தாயே, அதற்கும் சேர்த்து நன்றி. நேர்முகத்துக்குப் போக ரயில் காசு தரும் நிதி ஒன்று அரசின் வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப்சென்டரில் இருக்கிறது என்று தானாகவே சொன்ன, அங்கே எனக்கு வேலை தேட வழிகாட்டும் என் வேர்க் கோச்சுக்கும் நன்றி. கேட்காதவருக்கு அது கிடைக்காது, கேட்க அது இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும்.

இனி அண்ணை. உங்களோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. "ஏன் கஷ்டப்படுகிறாய், ஓர் அறைக்குப் போ" என்று முதல் மாதம் முழுவதும் சொன்னீர்கள். அன்பில் சொன்னீர்கள், தெரியும். ஆனால் 455க்கு அறை தேடிப் பார்த்ததில் நாம் இருவரும் கண்டது என்ன? மலிவான 30 சதவீதம் என்பது பட்டியலில் இருக்கிறது, காலியாக இல்லை. கிடைத்தாலும் ஐந்து வார வாடகை வரை வைப்புப்பணம், முதல் மாத வாடகை, சாமான் ஏற்ற வண்டி என்று போகும். கையில் 75 பவுண்டோடு இருப்பவருக்கு மலிவான இடத்துக்கு மாறுவதே எட்டாத செலவு. 35 வயதுக்குக் கீழே என்றால் அந்நியரோடு குளியலறையைப் பங்குபோட வேண்டும் என்று தீர்மானித்தவர் எந்த வயதில் இருந்தார் என்று எனக்கு ஓர் ஆசைக் கேள்வி. 35ஆவது பிறந்தநாளுக்கு இவ்வளவு ஏக்கத்தோடு காத்திருக்கும் 33 வயதுக்காரரை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்கமாட்டீர்கள்.

ஆனால் அண்ணை, அந்தச் சண்டையை உங்கள் கடித உறைக் கணக்கு அடித்துப்போட்டது. பகுதிநேர வேலை ஒன்று வந்தபோது, "போனால் பெனிபிட்டை வெட்டுவார்கள், எதற்கு வீண் உழைப்பு" என்று பலரும் சொன்னார்கள். நீங்கள் மின்சாரக் கடிதம் வந்த உறையைத் திருப்பி எழுதினீர்கள். கையில் 600 வந்தால் ஒரு பவுண்டுக்கு 55 பென்ஸ் வீதம் 330ஐக் கழிப்பார்கள். மிச்சம் 270 உனக்கு. அந்த 270ஐச் சுற்றி இரண்டு வட்டம் போட்டீர்கள். பிள்ளைகள் உள்ளவருக்கும், உடல்நலம் காரணமாக வேலை செய்யும் திறன் குறைந்தவருக்கும் குறிப்பிட்ட தொகை வரை கழிக்காமல் விடுவார்கள், என்னைப் போன்ற தனியாளுக்கு அது இல்லை, முதல் பவுண்டில் இருந்தே கழிவு. அதையும் மறைக்காமல் சொன்னீர்கள். இப்போது அந்த வேலைக்குத்தான் போகிறேன். கவுன்சில் தந்த ஆறு மாதம் முடிந்தாலும் வாடகைக்குத் துண்டு விழுவதை அந்தப் பணம் பெரும்பாலும் மூடிவிடுகிறது. அந்த உறை இப்போதும் என்னிடம் இருக்கிறது, மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்று.

அக்கா, உங்களிடம் வாங்கியதில் இன்னும் 120 பவுண்ட் இருக்கிறது. இந்த மாதச் சம்பளத்தில் பாதி, அடுத்த மாதம் மீதி. வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் அனுப்புங்கள்.

அன்புடன்,
கீழ்வீட்டு ஸ்டூடியோவில் இருக்கும் உங்கள் ஆள்