பொருள்: 2024 ஏப்ரல் 8 முழுச் சூரிய கிரகணப் பயணம் – கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

சுற்றுலாப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஹூஸ்டனிலிருந்து கிளம்பிய உங்கள் பேருந்தில் என் பெற்றோருடன் நானும் வந்தேன். கெர்வில் ஊரில் முழுக் கிரகணம் பார்க்கலாம் என்றுதான் விளம்பரத்திலும் ரசீதிலும் இருந்தது. ஆனால் பேருந்து சான் அன்டோனியோவைத் தாண்டவே இல்லை. மேற்கே போகும் சாலையில் நெரிசல் என்று சொல்லி, நகர மையத்தில் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டார் உங்கள் வழிகாட்டி. "இங்கேயே 99 சதவீதத்துக்கு மேல் மறையும், பெரிய வித்தியாசம் இல்லை" என்றார்.

வித்தியாசம் மிகப் பெரியது. முழுக் கிரகணம் தெரியும் நிலப்பட்டையான முழுமைப் பாதையின் எல்லை சான் அன்டோனியோவுக்குக் குறுக்கேதான் போனது. நகரின் வடமேற்குப் பகுதி உள்ளே, மையப் பகுதி வெளியே. வரைபடங்களில் வெகு முன்பே வந்துவிட்ட விவரம் இது. முழுக் கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் வெளி மண்டலமான கரோனாவின் ஒளி சூரிய வட்டின் ஒளியில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். வட்டில் ஒரு கீற்று மிச்சமிருந்தாலும் கரோனா கண்ணுக்குத் தெரியாது, கிரகணக் கண்ணாடியையும் கழற்ற முடியாது. கெர்வில்லிலோ 4 நிமிடத்துக்கும் மேல் சூரியன் முழுதாக மறைந்தது.

அன்று அந்தப் பக்கமெல்லாம் மேகமூட்டம் என்பதும் தெரியும். மேகத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. கெர்வில்லுக்குக் கொண்டுபோய், அங்கே மேகம் மறைத்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்; நட்டநடுப் பகல் இருட்டுவதையாவது பார்த்திருப்போம்.

சூரியன் வளையமாகத் தெரிந்த 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தைத் திண்டுக்கல்லில் பார்த்ததிலிருந்து, முழுக் கிரகணத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதற்காகவே இந்தப் பயணத்தை ஏப்ரலில் வைத்துக்கொண்டார். அலாஸ்காவை விட்டால், அமெரிக்க நிலப்பரப்பில் அடுத்த முழுக் கிரகணம் 2044 ஆகஸ்டில்தான். எழுபதைத் தாண்டிய அவரிடம் அதுவரை காத்திருங்கள் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம். மூன்று பேருக்கும் கட்டிய முழுத் தொகையையும் 30 நாள்களுக்குள் திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம், அதே கடிதத்தோடு வந்த 2026 ஆகஸ்ட் 12 ஸ்பெயின் பயண விளம்பரத்தில், மாட்ரிட் விடுதியின் மாடியிலிருந்தே முழுக் கிரகணம் பார்க்கலாம் என்று போட்டிருக்கிறது. மாட்ரிட், பார்சிலோனா இரண்டுமே முழுமைப் பாதைக்குச் சற்று வெளியே இருக்கின்றன. சரகோசா, வலென்சியா, பில்பாவ் உள்ளே வருகின்றன. பணம் வாங்குவதற்கு முன் அதைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
பயணச்சீட்டு வாங்கிய வாடிக்கையாளர், ஹூஸ்டன்