மணல் கழுவும் இடத்தின் கலங்கல் தண்ணீரை வட்டை வாய்க்காலுக்குள் விடுவதை நிறுத்தக் கோரும் மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

ஐயா,

செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் உள்ளே வந்தால் எங்கள் வட்டை, அதாவது வயல்வெளி. நாலு ஏக்கர் வேளாண்மை செய்கிறேன். அதற்கு முன் ஓமானில் ஒரு செப்புத் தாது ஆலையில், அரைக்கும் பகுதியில், ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம், வட்டைக்கு மேற்புறம் கல் உடைக்கிற இடத்தில் கல்தூளைக் கழுவி மணல் எடுக்கப் புதிதாகப் பூட்டியிருக்கிற மெசினைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வாகரையிலும் திருக்கோவிலிலும் பேசப்பட்ட, கடற்கரைக் கனிய மணல் எடுக்கிற இல்மனைட் வேலை இங்கேயும் வந்துவிட்டது என்றுகூட ஒருவர் சொன்னார். அது இல்லை. எனக்குப் பழகிய மெசின்தான் அது.

எல்லோரும் அதை ‘ஸ்குரூ’ என்கிறார்கள், முழுப்பெயர் ஸ்பைரல் கிளாசிபையர். சாய்த்து வைத்த நீளத் தொட்டி, அதற்குள் மிக மெதுவாகச் சுற்றும் சுருள் தகடு, அவ்வளவுதான். வீட்டில் அரிக்கன் சட்டியில் அரிசி அரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், பாரமானது அடியில் தங்கும், மற்றது தண்ணீரோடு போகும். தாது ஆலையில் இரும்புக் குண்டுகள் உருளும் மில்லிலிருந்து அரைபட்ட தாது குழம்பாக வந்து இந்தத் தொட்டிக்குள் விழும். பருக்கன் அடியில் இறங்க, சுருள் அதை மேட்டுப் பக்கம் இழுத்துப்போய்த் திரும்பவும் மில்லுக்கே தள்ளிவிடும், மா மாதிரி அரைபட்டது தாழ்ந்த பக்கத்து விளிம்பால் வழிந்து அடுத்த வேலைக்குப் போகும். புதிதாகப் போடுகிற தாதுவைப்போல இரண்டு மூன்று மடங்கு இப்படியே மில்லுக்கும் தொட்டிக்குமாகச் சுற்றிக்கொண்டிருப்பது சாதாரணம். செம்பு அந்த வழிந்து போவதில்தான் இருக்கும் என்பதால் ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் மேற்பார்வையாளர் எங்களைத் தின்றுவிடுவார்.

இங்கே தலைகீழ். கல்தூளைக் கழுவும்போது சுருள் மேலே ஏற்றிக் கொடுக்கிற மணல்தான் காசு. விளிம்பால் வழிகிற சாம்பல் தண்ணீருக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. என் முறைப்பாடு முழுவதும் இந்த விளிம்பில்தான் இருக்கிறது ஐயா.

போன சிறுபோகத்தில் பயிர் முளைத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், விடியற்காலை போய், வரம்பில் தண்ணீர் பாயும் வாயான வக்கடையை வெட்டினேன். வந்த தண்ணீரைக் கையில் ஏந்தினால் விரலிடுக்கில் கோதுமை மா பிசைந்ததுபோல ஒட்டியது. நாலு நாளில் தண்ணீர் வற்றியபோது வாய்க்கால் வாயிலிருந்து பத்துப் பாகம் தூரத்துக்குத் தரை ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது, ஒரு துண்டைக் கிளப்பினேன், அதோடு மூன்று நாற்றும் சேர்ந்து வந்தது. வட்டையின் தண்ணீர்ப் பொறுப்பாளரான விதானையைக் கூட்டிக்கொண்டு மேலே போய்க் கேட்டோம். “குழி வெட்டித்தானே விட்டிருக்கிறோம்” என்றார்கள்.

குழி இருப்பது உண்மை, ஒரு லொறி இறங்கி நிற்கிற அளவு. ஆனால் அடையவேண்டியது என்ன பருமன் என்று யாரும் யோசிக்கவில்லை. அசையாத தண்ணீரில் 0.1 மில்லிமீற்றர் மணல் ஒரு மீற்றர் ஆழம் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் போதும். 0.01 மில்லிமீற்றர் தூளுக்கு 3 மணித்தியாலம். களியைப்போல 0.002 மில்லிமீற்றர் என்றால் 3 நாள். பருமன் பத்திலொன்றானால் இறங்குகிற வேகம் நூறிலொன்றாகிவிடும் என்பதுதான் கணக்கு. மோட்டர் போட்டு நாள் முழுக்க இறைக்கிற தண்ணீர் அந்தக் குழியில் அரை மணித்தியாலம்கூட நிற்பதில்லை, பிறகு எப்படித் தெளியும்? அதைவிடத் தேவைக்கு மேலே தண்ணீரை அடித்தால் தொட்டிக்குள் இழுவை கூடி நல்ல பொடி மணலும் விளிம்பால் போய்விடும். அவர்களுக்கும் அது நட்டம்தான், சொன்னால் கேட்கமாட்டார்கள்.

மெசினை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. அதை நிறுத்தினால் லொறிகள் திரும்பவும் ஆற்றுக்குள்தான் இறங்கும், முந்தனையாற்றில் மணல் அள்ளி அள்ளிக் கரை இடிந்ததை நாங்கள் பார்த்தவர்கள். கழுவின கல்மணல் வரட்டும், நல்லது. ஆனால் தண்ணீர் அவர்கள் வளவுக்குள்ளேயே சுற்றவேண்டும். ஒன்றுக்குப்பின் ஒன்றாக மூன்று பெரிய தொட்டி கட்டி, கடைசித் தொட்டியின் தெளிந்த தண்ணீரைப் பம்பால் திரும்ப ஸ்குரூவுக்கே கொடுக்கலாம். மூன்றையும் ஒரேயடியாக ஓடவிடாமல் ஒன்றை அடையவிட்டு, வற்றவைத்து, சேற்றை வழிக்கவும் வேண்டும். வழித்த சேற்றை வாய்க்கால் கரையில் கொட்டக்கூடாது, முதல் மழைக்கே அது திரும்பவும் எங்கள் வயலுக்குத்தான் வரும். தண்ணீர் திரும்பக் கிடைத்தால் அவர்களுக்கும் கிணற்றில் இறைக்கிற செலவு குறையும்.

ஆகவே ஐயா, 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்க் கொடுக்கிற சுற்றாடல் அனுமதிப்பத்திரத்திலும், கல் உடைக்கக் கொடுக்கிற அனுமதியிலும் இந்தத் தொட்டிகளையும் மீள்சுற்றையும் நிபந்தனையாகச் சேர்க்கும்படி உரிய திணைக்களங்களுக்கு அறிவுறுத்துங்கள். பெரும்போக விதைப்புக்கு முன்பு இது நடக்கவேண்டும். விதைத்த பிறகு வருகிற கடிதத்தால் எங்களுக்குப் பிரயோசனம் இல்லை. அதுவரைக்கும் வாய்க்காலுக்குள் இறங்குகிற அந்தக் குழாயையாவது அடைக்கச் சொல்லுங்கள்.

இன்னுமொன்று. இதற்கு முன்பு பார்க்க வந்த உத்தியோகத்தர்கள் மணல் குவியலை அள்ளிப் பார்த்து, படம் எடுத்து, போய்விட்டார்கள். இந்தமுறை வருபவர்கள் தொட்டியின் தாழ்ந்த பக்கத்துக்குப் போய் வழிகிற தண்ணீரைப் பார்க்கவேண்டும். வெறும் சோடாப் போத்தல் ஒன்று கொண்டுவந்தால் போதும், நிரப்பி, மூடி, கந்தோர் மேசையில் வைத்துவிட்டு அடுத்த நாள் காலை பாருங்கள்.

இப்படிக்கு,
வட்டை விவசாயிகள் சார்பில்,
கீழே ஒப்பமிட்டுள்ளவர்கள்